பின்தொடர்வோர் எத்தனை பேர்? மாவட்டப் புத்தகத் திருவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டப் புத்தகத் திருவிழாக் குழுக்களில் இருக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நண்பர்களுக்கும்,

உள்ளூர்ப் பேச்சாளர்களைப் பரிந்துரைக்கச் சொல்லி இந்த ஆண்டும் படிவம் அனுப்பியிருக்கிறீர்கள். பெயர், ஊர், தலைப்பு, எழுதிய நூல்கள். அதுவரை சரி. அதற்குக் கீழே, நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே முடியாதபடி சிவப்பு நட்சத்திரக் குறியோடு ஒரு கட்டம்: சமூக ஊடகக் கணக்குகள், ஒவ்வொன்றிலும் பின்தொடர்வோர் எண்ணிக்கை. சென்ற ஆண்டு அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது, யாரோ யோசிக்காமல் சேர்த்துவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். இந்த ஆண்டும் அது அதே இடத்தில் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

சென்ற ஆண்டு நான் பரிந்துரைத்தவருக்கு அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று போட்டேன். உண்மை அதுதான். சில நாள் கழித்துக் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், சாரைப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க. ஆனா அவருக்கு ரீச் இல்லையே. மாலை மேடைக்கு அவ்வளவு நாற்காலி போடறோம், யார் வருவாங்க? வேணும்னா காலைல ஸ்கூல் பசங்களுக்கு ஒரு பத்து நிமிஷம் பேசட்டும்" என்றார். நான் பரிந்துரைத்தவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "பத்து நிமிஷத்துல வட்டெழுத்துல ஒரு வரிகூட சொல்லித்தர முடியாதும்மா, விடுங்க" என்றார். கல்வெட்டுகளில் இருக்கும் பழைய தமிழ் எழுத்து அது. அவர் விட்டுவிட்டார். என்னால் விட முடியவில்லை.

எந்த மாவட்டம் என்று எழுதவில்லை. ஒரு குழுவைச் சுட்டிக்காட்டி அவமானப்படுத்துவது என் நோக்கம் அல்ல. தவிர, பக்கத்து மாவட்டங்களிலும் விசாரித்தேன். படிவம் இல்லாத இடத்திலும் கேள்வி இருக்கிறது.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னவர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பெயர் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் ஆசிரியர் ஐயா என்றே எழுதுகிறேன். வேலையில் இருந்த காலத்திலிருந்தே சனி, ஞாயிறு வந்துவிட்டால் டிவிஎஸ் 50-இல் ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பைக்குள் தேங்காய் நார், பிரஷ், தண்ணீர் கேன், தாள், மை, சாக்பீஸ் தூள், ஒரு டேப். எங்கள் பக்கத்து ஊர்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் சாய்ந்து கிடக்கும் நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களை, தேடிப் போவார். கல்லைக் கழுவி, பாசியைத் தேய்த்து எடுத்து, ஈரத்தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷால் தட்டி, மேலே மையை ஒற்றிப் படியெடுப்பார். வெயில் ஏறினால் தாள் சீக்கிரம் காய்ந்து கிழிந்துவிடும் என்பதால் விடியற்காலையிலேயே போய்விடுவார். அப்புறம் நோட்டில் எழுதுவார்: ஊர், நிலம் யாருடையது, கல்லின் உயரம், அகலம், எத்தனை வரி, என்ன வாசகம், எந்த எழுத்தில் சந்தேகம். சந்தேகம் உள்ள எழுத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு கோடு இருக்கும். அந்த நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பென்சில் கோடுகள் ஏராளம்.

நடுகல் என்பது நம் வட மாவட்டங்களின் சொத்து. மாநிலத் தொல்லியல் துறை செங்கம் பகுதி நடுகற்களைத் தேடித் தொகுத்து 1972-இல் நூலாக வெளியிட்டது. அந்த வட்டாரத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பு, அரசன் பெயரோடு சேர்த்து ஒரு நாயின் பெயரையும் கல்லில் எழுதி வைத்த ஊர்க்காரர்கள் அவர்கள். எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஆசிரியர் ஐயா ஒருமுறை இதைச் சொன்னார். நாளிதழ் படிக்க வந்தவர்கள்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அந்தக் கூட்டம் முடிந்ததும் நடந்ததையும் சொல்ல வேண்டும். பேருந்து நிலையம் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர் ஒருவர் எழுந்து, தன் மாமனார் ஊரில் கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லின் அடிப்பக்கம் ஏதோ வில் பிடித்த உருவம் இருக்கிறது என்றார். மறு வாரமே ஐயா போனார். புரட்டிப் பார்த்தால் நடுகல். தலைக்கு மேல் எழுத்து, பாதி தேய்ந்து போயிருந்தது. இன்று அது வேப்ப மரத்தடியில் நிமிர்ந்து நிற்கிறது, வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிறார்கள். அன்று நூலகத்தில் இருந்தவர்களை ஒரு மினி பேருந்தில் ஏற்றிவிடலாம். உங்கள் கட்டத்தில் போட்டால் அந்தக் கூட்டத்துக்கு மதிப்பே இல்லை. ஆனால் கேட்கவேண்டிய ஆள் அதில் ஒருவர் இருந்தார்.

இனி என் முறையீட்டுக்கு வருகிறேன். கூட்டம் சேர்ப்பது யாருடைய வேலை?

நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்கு எப்போதோ பதில் சொல்லியாகிவிட்டது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை எழுதினார். அதில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. அந்த வாசகரைத் தேடிப் பிடிப்பது நூலகத்தின் கடமை. நூலே எழுந்து போய் ஆள் பிடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கிராமத்தில் வாசகர் இல்லையே என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. நானும் என் காலத்தில் அலமாரியின் கீழ்த்தட்டில் யாரும் தொடாமல் கிடந்த புத்தகத்தை எடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன், மருந்துக் கடைக்காரர் கையில் வலியத் திணித்திருக்கிறேன். அது தயவு இல்லை, வாங்கிய சம்பளத்துக்கான வேலை.

உங்கள் திருவிழாவுக்கும் சம்பளம் போட்டு வேலை செய்கிறார்கள். 2022 முதல் எல்லா மாவட்டங்களிலும் அரசே முன்னின்று நடத்தும் விழா இது. மாவட்ட நிர்வாகம் முழுதும் இறங்கி நிற்கிறது. பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வருகின்றன. மகளிர் குழுக்களுக்குச் சொல்லி அனுப்புகிறீர்கள். ஊரெங்கும் பேனர், ஆட்டோவில் அறிவிப்பு, உள்ளூர் கேபிளில் விளம்பரம். மிளகாய் பஜ்ஜிக்கும் டெல்லி அப்பளத்துக்கும் வருகிற கூட்டமே தனி. இவ்வளவு மனிதர்களை ஒரு மைதானத்துக்குக் கொண்டுவரும் சக்தி உங்களிடம் இருக்கும்போது, மேடையில் ஏறப்போகும் ஒரு கிழவரைப் பார்த்து உன் பின்னால் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு, பந்திக்கு ஆளையும் நீயே கூட்டி வா என்று சொல்வது போல இருக்கிறது.

சென்ற ஆண்டு அவருக்குப் பதிலாக வந்தவரின் பேச்சையும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். லட்சக்கணக்கில் பின்தொடர்வோர் உள்ளவர். நன்றாகப் பேசக்கூடியவர்தான், அதை மறுக்க மாட்டேன். நம் மாவட்டத்தின் வரலாறு என்று தலைப்பு. பெரும்பகுதி தஞ்சைப் பெரிய கோயில் பற்றிப் போனது. அதன் விமான நிழல் தரையில் விழாது என்று சொன்னார், கைதட்டல் கூரையைப் பிளந்தது. நிழல் விழும். காலையிலோ மாலையிலோ தஞ்சாவூருக்குப் போய் நின்றால் யாரும் பார்க்கலாம். நம் மாவட்டம் பற்றி அவர் சொன்ன இரண்டு மூன்று செய்திகளில் ஒன்று, ஆசிரியர் ஐயா எப்போதோ ஒரு சிற்றிதழில் எழுதியது. பெயர் வரவில்லை. நாற்காலிகள் நிரம்பியிருந்தன, உண்மை. பெரும்பாலும் கல்லூரிப் பேருந்துகளில் அழைத்து வரப்பட்ட பிள்ளைகள். யார் பேசியிருந்தாலும் அவர்கள் அங்கேதான் இருந்திருப்பார்கள்.

அந்த எண்ணிக்கை உங்களுக்கு எதைச் சொல்கிறது என்று நிஜமாகவே எனக்குப் புரியவில்லை. ஒருவரைக் கைபேசியில் பின்தொடரும் ஐந்து லட்சம் பேரில் கோயம்புத்தூரில் எத்தனை பேர், துபாயில் எத்தனை பேர், செவ்வாய்க்கிழமை மாலை நம் ஊர் மைதானத்துக்கு வருபவர் எத்தனை பேர்? எண்ணிக்கையைக் காசு கொடுத்து வாங்கலாம் என்பதும் உங்கள் அலுவலக இளைஞர்களுக்கே தெரியும். அதற்குப் பதில் ஐயாவின் ஒரு நோட்டில் இருக்கும் பென்சில் கோடுகளை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

சிலர் சொல்வார்கள், ஐயாவும் ஒரு யூட்யூப் சேனல் தொடங்கவேண்டியதுதானே, யார் தடுத்தது என்று. என்னிடமே சொன்னார்கள். சேனல் என்றால் தினமும் ஏதாவது போட வேண்டும். முதல் சில நொடிகளில் ஆளைப் பிடிக்க வேண்டும், முகப்புப் படத்தில் வாயைப் பிளந்து நிற்க வேண்டும், பின்னூட்டங்களுக்குப் பதில் போட வேண்டும். அது ஒரு முழுநேரத் தொழில், நல்ல தொழிலும்கூட. ஆனால் அந்த நேரம் எங்கிருந்து வரும்? விடியற்காலைக் கல்லிலிருந்துதான் வர வேண்டும். சாலையை அகலப்படுத்தும்போது புதைந்து போகிற கல், வீட்டுக்குக் கடைக்கால் போடும்போது உள்ளே போய்விடுகிற கல், குவாரிக்குப் பக்கத்தில் நிற்கிற கல், இவையெல்லாம் அவர் ஆள் சேர்த்து முடிக்கும்வரை காத்திருக்கப் போவதில்லை.

நேரம் மட்டும் பிரச்சினை இல்லை. ஒருமுறை கேமராவோடு ஒரு பையன் அவரைத் தேடி வந்தான். கெட்டிக்காரப் பையன், ஆர்வம் உள்ளவன். ஒரு கல்லின் முன்னால் நிறுத்தி, "ஐயா, இது பத்தாயிரம் வருஷம்னு சொல்லலாமா?" என்றான். "எழுத்தை வச்சுப் பார்த்தா எட்டாம் நூற்றாண்டு போல இருக்கு. முதல் வரி தேஞ்சிருக்கு, உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் ஐயா. "உறுதியாச் சொல்ல முடியாதுன்னா ஓடாதுங்கய்யா" என்றான் அவன். பொய் சொல்லவில்லை. தன் தொழிலின் நிலவரத்தைச் சொன்னான். இன்னொரு முறை ஒரு சமூகத்து சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். கல்லில் இருப்பவன் எங்கள் குல வீரன் என்று ஒரு வரி சேர்த்தால் பெரிய மாநாட்டில் மேடை தருகிறோம் என்றார்கள். கல்லில் சாதி எழுதியிருக்கவில்லை. ஐயா எழுதித் தரவில்லை. அந்த மாநாட்டு மேடையும் போயிற்று. உங்கள் படிவத்தில் நான் போட்ட பூஜ்யத்துக்குள் இந்த மறுப்புகளும் அடக்கம். எண்ணிக்கை ஏறாமல் போனதற்குக் காரணமே அவர் சொல்வதை நம்பலாம் என்பதற்கு அத்தாட்சி.

அறிஞர் எல்லாரும் நன்றாகப் பேசுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தாளைப் பார்த்து முக்கால் மணி நேரம் வாசித்து அரங்கத்தைத் தூங்க வைத்தவர்களை எங்கள் நூலகத்திலேயே பார்த்திருக்கிறேன். சிலருக்கு எதிரில் மனிதர்கள் இருப்பதே நினைவு இருக்காது. கேட்பவருக்குப் புரியும்படி பேசும் பொறுப்பு பேசுபவருக்கு உண்டு. அதைக் கேளுங்கள், சோதியுங்கள், வேண்டுமானால் முன்கூட்டியே வரச்சொல்லி அரை மணி நேரம் பேசவிட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டு ஒதுக்கியிருந்தால் இந்த மடல் இல்லை. ஐயா பேசி உங்கள் குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஊர் ஊராக நடந்து, விவசாயிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, தன் பேச்சைக் கேட்கத் தானே ஆள் சேர்த்துக்கொண்ட இயற்கை விவசாய அறிஞர் நம்மாழ்வார் போன்றவர்களும் நம்மிடையே இருந்தார்கள். அவர் அபூர்வம். அவரால் முடிந்தது என்பதற்காக அதையே எல்லாருக்கும் நுழைவுத் தேர்வாக வைக்க முடியாது.

கீழடியை நினைத்துப் பாருங்கள். 1970-களில் அந்த ஊர் அரசுப் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் பாலசுப்பிரமணியம், நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த பழம்பொருட்களை மாணவர்கள் மூலம் அறிந்து, சேர்த்து வைத்து, அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். மத்தியத் தொல்லியல் துறை அங்கே மண்ணைத் தோண்டத் தொடங்கியது 2014-15-இல்தான். மாநிலத் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை அந்த நகரத்தின் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள், இன்று பள்ளிப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கின்றன. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அந்த ஆசிரியர் என்ன செய்திருக்க வேண்டும்? ஆள் திரட்டியிருக்க வேண்டுமா? அவர் சொன்னதில் குறை இல்லை, பள்ளி ஆசிரியர் ஒருவர் சொன்னதை எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் தாமதித்தார்கள். கூட்டம் பிறகுதான் வந்தது, ஒரு துறை மண்வெட்டியோடு போய் நின்ற பிறகு.

உ.வே.சாமிநாதையர் விஷயத்திலும் முதலில் வந்தது ஒரே ஒரு ஆள். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியார், அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று தாம் படித்தவற்றை ஐயர் அடுக்கியதையெல்லாம் பொருட்படுத்தாமல், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து 1887-இல் அச்சுப் புத்தகம் வந்தது. அந்தச் சமண காவியத்துக்கு அன்று கேட்பார் எத்தனை பேர் என்று முன்சீப் கணக்குப் பார்க்கவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே தமிழுக்குக் கிறித்தவமும் பௌத்தமும் சமணமும் செய்ததைத் தனித்தனி நூல்களாக எழுதி முடித்தார். உங்கள் படிவத்தை இவர்களிடம் கொடுத்திருந்தால் அடுத்த பக்கமே திறந்திருக்காது.

ஐயா அடிக்கடி சொல்கிற அகநானூற்று வரி ஒன்று உண்டு: "பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்". அதர் என்றால் வழி. ஆள் நடக்கிற வழிதோறும் நட்டார்கள், மயிற்பீலி சூட்டினார்கள், போகிறவன் வருகிறவன் பார்க்கட்டும் என்று. செத்த வீரன் தனக்குப் பார்வையாளரைச் சேர்த்துவிட்டுச் சாகவில்லை. எங்கே நட்டால் கண்ணில் படும் என்று யோசித்தது ஊர். இந்த மாவட்டத்தில் இன்று ஆள் நடக்கிற வழி உங்கள் கையில் இருக்கிறது.

ஈரோட்டில் 2005 முதல் நடக்கும் புத்தகத் திருவிழாவில் மாலை உரை கேட்கவென்றே ஆயிரக்கணக்கானோர் வந்து உட்காருகிறார்கள். அந்தக் கூட்டத்தை ஏற்பாட்டாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு வளர்த்தெடுத்தார்கள். மேடையில் யார் இருந்தாலும் கேட்கத் தக்கதாக இருக்கும் என்ற நம்பிக்கையை மக்களுக்குக் கொடுத்ததால் வளர்ந்தது. நீங்கள் செய்வது நேர் எதிர். ஏற்கெனவே எல்லார் கைபேசியிலும் இருப்பவரை மேடையேற்றுகிறீர்கள். அவரைக் கேட்க மைதானத்துக்கு வரத் தேவையே இல்லை. வீட்டில் படுத்துக்கொண்டே கேட்கலாம். வேறெங்கும் கேட்க முடியாத ஒருவரைக் கேட்க வைப்பதுதான் பொதுப் பணத்தில் நடக்கும் மேடைக்கு அழகு.

ஆசிரியர் ஐயா ஒருவருக்காக மட்டும் இதை எழுதவில்லை. எங்கள் ஊரிலேயே ஒப்பாரியும் தாலாட்டுமாக விடிய விடியப் பாடக்கூடிய ஒரு பாட்டி இருக்கிறார், பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். ஏரி மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி குடும்பத்தில் மிச்சமிருக்கும் ஒருவர், எந்த மழைக்கு எந்த வாய்க்கால் நிரம்பும் என்று சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாது. உங்கள் மாவட்டத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் கிளை நூலகரையும் கிராம நிர்வாக அலுவலரையும் கேளுங்கள், தெரியும்.

ஆகவே என் கோரிக்கைகள். பின்தொடர்வோர் எண்ணிக்கை கேட்கும் கட்டத்தை இந்த ஆண்டுப் படிவத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். எந்த மாவட்டத்திலும் அது வாய்மொழியாகக்கூடக் கேட்கப்படாது என்று எழுத்தில் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக, இந்த விஷயத்தில் நேரில் என்ன செய்திருக்கிறீர்கள், அதை யார் பார்த்திருக்கிறார்கள் என்று இரண்டு கேள்வி வையுங்கள், போதும்.

திருவிழா நடக்கும் நாட்களில் குறைந்தது மூன்று மாலைகளிலாவது, முக்கிய மேடையில், ஆறரை மணிக்கு, அந்த மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு முக்கால் மணி நேரம் கொடுங்கள். காலையில் பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருக்கும் பத்து நிமிடம் வேண்டாம். பிரபலப் பேச்சாளரை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் ஏழே காலுக்கு வரட்டும். அவருக்காக வந்தவர்கள் இவரையும் கேட்கட்டும்.

மேடைப் பழக்கம் இல்லாதவருக்கு உதவிக்கு ஆள் போடுங்கள். நல்ல குரலும் கேள்வி கேட்கும் திறமையும் உள்ள கல்லூரி மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசவைத்தால் போதும். படம் காட்டத் திரையும் புரொஜக்டரும் வேண்டும். கேமராவோடு வந்த அந்தப் பையனைப் போன்றவர்களுக்கு இதில் நிஜமான வேலை இருக்கிறது. வெளியூர்ப் பேச்சாளருக்குக் கார், விடுதி, மதிப்பூதியம் எல்லாம் தருகிறீர்கள். உள்ளூர்க்காரருக்குப் பொன்னாடையும் நினைவுப் பரிசும் மட்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள். அதே மதிப்பூதியம், வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிட ஒரு வண்டி.

பேச்சு முழுவதையும் ஒளிப்பதிவு செய்து மாவட்ட மைய நூலகத்தில் ஒரு படி வையுங்கள், இணையத்திலும் ஏற்றுங்கள். பரப்பும் வேலைக்கு உங்களிடம் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகமே இருக்கிறது. ஆசிரியர் ஐயாவின் நோட்டுகளையும், இப்படி மற்றவர்களிடம் இருக்கும் குறிப்புகளையும் ஸ்கேன் செய்ய இரண்டு பேரை அனுப்புங்கள். நோட்டுகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. பென்சில் எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. இது திருவிழா வரை காத்திருக்க வேண்டிய வேலை அல்ல.

இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகும் முன் எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். முடியாது என்றால் என்ன காரணம் என்று எழுதுங்கள். ரீச் இல்லை என்பதைத் தவிர வேறு காரணமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர் ஒருவர்